காலைப் பாதி, மாலைப் பாதி

ஜூன் 3

சின்னவளுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து வேறு எப்படி இருக்கும்? போனில் பேசுங்களேன் என்று மருமகள் சொன்னாள். போன் என்றால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். காகிதத்தில் கத்தினால் உனக்குக் கேட்காது.

நலமா என்று கேட்பதற்கு எழுதவில்லை. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது என் பித்தளை வடிகட்டியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனாய். கைப்பிடியில் நீலக் கம்பி சுற்றியிருக்கும், பார். என் பிள்ளை கல்யாணத்துக்கு வரவில்லை. உன் மச்சினர், என் வீட்டுக்காரர், போய்ச் சேர்ந்தபோது ஓர் அட்டை அனுப்பினாய், அதிலும் அச்சடித்த நாலு வரி, கீழே கையெழுத்து. அதை அலமாரியில் வைத்திருக்கிறேன். பத்திரமாக இல்லை, மறக்காமல் இருக்க.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் பிள்ளை கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறான், ஒன்பது மாதத்துக்கு ஒரு தடவை வருவான். மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு வாரம் காலை வேலை, ஒரு வாரம் மாலை வேலை. பேத்திக்குப் பதினொன்று, பேரனுக்கு ஏழு. அவர்களுக்கு ஆக்கிப் போடுவது நான்தான். அவர்கள் சாப்பிடுவதில்லை. தட்டில் வைத்ததைக் கோலம் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். "ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவங்களுக்கு இப்படித்தான் தருவாங்களாம், அம்மா சொன்னாங்க" என்கிறான் ஏழு வயசு. பேத்தியின் பாவாடைக்கு ஊக்கு குத்த வேண்டியிருக்கிறது.

போன வாரம் மருமகள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். பள்ளிக்கூட விடுதி. "அத்தை, உங்களைக் குத்தம் சொல்லல. அங்க நேரத்துக்குச் சாப்பாடு, கூட நாலு பிள்ளைங்க உக்காந்தா இதுங்களும் சாப்பிடும்" என்றாள். மாதக் கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டுமாம். குத்தம் சொல்லவில்லையாம்! அதற்கு மேல் குத்தம் எப்படிச் சொல்வார்கள்?

பிள்ளைகள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் நாலு நாற்காலியும்தான்.

அவர்கள் அப்பன் கப்பலிலிருந்து பேசும்போதெல்லாம் நம் வியாழக்கிழமைப் பானையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி ஆசை காட்டியிருக்கிறான். செய்தேன். பருப்பு, உருளைக்கிழங்கு, கோஸ் தண்டு, கேரட் நுனி, இரண்டு தக்காளி, அந்த வாரத்துக் கூடையில் என்ன மிஞ்சுமோ அதுவெல்லாம். பிள்ளைகள் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிள்ளையிடம் போனில் சொன்னால் அவன் சிரிக்கிறான். "அம்மா, நீ செஞ்சது பாதி. மீதி பாதி சித்தி கையில இல்ல இருக்கு" என்கிறான்.

அது உண்மை. நான் பன்னிரண்டு மணிக்குத் தையல் கூடத்துக்குப் போய்விடுவேன். நீ ஆஸ்பத்திரி சலவைக் கூடத்திலிருந்து மூன்று மணிக்கு வருவாய். காலையில் வைத்தது நான், சாயங்காலம் முடித்தது நீ. பத்தொன்பது வருஷம் பதினோரு பேருக்கு அப்படியே நடந்தது. நான் வீட்டுக்கு வரும்போது பானை மேஜையில் இருக்கும். அதை நீ என்ன செய்தாய் என்று ஒரு நாளும் நான் நின்று பார்த்ததில்லை.

மூன்று மணிக்கு மேல் என்ன செய்தாய் என்பதை மட்டும் எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

பெரியவள்


ஜூன் 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலமா என்று நீங்கள் கேட்காததால் நானும் சொல்லவில்லை.

வடிகட்டி இருக்கிறது. நீலக் கம்பி அறுந்து இப்போது வெள்ளைக் கம்பி.

பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டாம். இதை முதலில் செய்து கொடுங்கள். இது முழுக்க மாலைப் பாதி, உங்களுக்குத் தெரிந்திருக்காது. நேற்று மிஞ்சிய சோற்றை உதிர்த்து, இரண்டு முட்டை அடித்து ஊற்றி, மிளகும் பொடியாக அரிந்த வெங்காயத் தாளும் போட்டுப் பிசையுங்கள். கனமான சட்டியில் எண்ணெய் விட்டு அடை மாதிரித் தட்டி அழுத்திவிடுங்கள். தீ சின்னதாக இருக்கட்டும். கிளறாதீர்கள். உங்களுக்குக் கை சும்மா இருக்காது என்று தெரியும், கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அடியில் பொன்னிறமாகப் பொருக்குக் கட்டியதும் தட்டில் கவிழ்த்து, பொருக்கு மேலே தெரிகிற மாதிரி முக்கோணமாக வெட்டிக் கொடுங்கள். சோறு என்று சொல்லாதீர்கள். "நேத்து" என்று சொல்லுங்கள். உங்கள் பிள்ளை அதை அப்படித்தான் கேட்பான்: "சித்தி, இன்னைக்கு நேத்து உண்டா?"

வியாழக்கிழமைப் பானையைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும்.

நமக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. பருப்பு வெந்து நீங்கள் உப்புப் போட்டுவிட்டால் மரக்கரண்டி பானை மூடியின் மேல் குறுக்கே இருக்கும். பருப்பு வேகாமல் உப்பை எனக்கு விட்டுவிட்டுப் போனால் கரண்டி சுவரில் கொக்கியில் தொங்கும். சீட்டு எழுதி வைத்தது கிடையாது, கேட்டது கிடையாது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்தான் தவறியது. நம் மாமனாருக்குக் கடிகாரக் கடை வேலையில் கடைசி நாள். முப்பது பேர் விருந்து. பானையில் இரண்டு தடவை உப்பு.

கரண்டி கொக்கியில் இருந்தது என்று நான் சொன்னேன். மூடியின் மேல் இருந்தது என்று நீங்கள் சொன்னீர்கள், எல்லார் முன்னாலும்.

நான் எந்தக் கம்பி சுற்றிய வடிகட்டியை எடுத்துப் போனேன் என்பது வரை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கரண்டி எங்கே இருந்தது அக்கா?

சின்னவள்


ஜூன் 12

சின்னவளுக்கு,

பசித்த பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொண்டு கணக்குத் தீர்க்கிறாயா? நீ மாறவே இல்லை. அன்றைக்கும் முப்பது பேர் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் உனக்கு வாய் வந்தது.

ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறாய். எல்லாம் இருக்கிறது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பெரிய பானையை மேல்வீட்டுத் தபால்காரர் பெண்சாதியிடம் இரவல் வாங்கினோம். அதன் ஒரு காது உடைந்திருந்தது. உருளைக்கிழங்கு எண்பத்திரண்டு. நீ பச்சைப் புள்ளி போட்ட சேலை கட்டியிருந்தாய், முந்தானையில் சலவைச் சோப்பு வாடை. மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்துப் பட்டை உறுத்துகிறது என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொன்னார். ஒரு வாய் வைத்ததும் கடிகாரக் கடை முதலாளி தண்ணீருக்குக் கை நீட்டினார். அப்புறம் வரிசையாக எல்லாரும் நீட்டினார்கள். மாமா மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். நான் எண்ணினேன்.

"கண்ணு தெரியலையா உனக்கு? கரண்டி மூடிமேலதான வச்சிட்டுப் போனேன்?" என்று கேட்டேன். ஆமாம், எல்லார் முன்னாலும்தான் கேட்டேன். வைத்தேன், அதனால் கேட்டேன். அவ்வளவுதான், அதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

நீ சொன்ன "நேத்து" செய்தேன். முதல் தடவை கிளறிவிட்டேன். இரண்டாம் தடவை இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றேன். பேரன் பொருக்கை மட்டும் பெயர்த்துத் தின்றுவிட்டு, அக்கா தட்டில் இருந்த பொருக்கையும் பெயர்த்தான். அவள் அவன் கையைக் கடித்துவிட்டாள். இந்த வீட்டில் சாப்பாட்டுக்காக ஒரு சண்டை நடந்து எத்தனை நாளாகிறது! இதற்காக நான் நன்றி சொல்வேன் என்று காத்திருக்காதே.

ஆனால் தினமும் சோறு மிஞ்சாது. நாலு நாளாக உருளைக்கிழங்கை வேக வைப்பதும் எடுத்துக் கொட்டுவதுமாக இருக்கிறேன். மருமகள் அந்தப் படிவத்தில் பேத்தியின் பிறந்த தேதியை எழுதிவிட்டாள். பேனாவை மூடிவைத்த சத்தம் எனக்குச் சமையலறையில் கேட்டது.

பிடிவாதத்தை விட்டுவிட்டு எழுது.

பெரியவள்


ஜூன் 16

அக்காவுக்கு,

உருளைக்கிழங்கு எண்பத்திரண்டு என்பது சரி. சேலையில் புள்ளி மஞ்சள்.

நீங்கள் மன்னிப்புச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்று பத்தொன்பது வருஷம் பார்த்திருக்கிறேன். எனக்கு வேண்டியது வேறு. இங்கே வந்த புதிதில் உங்கள் கொழுந்தனார் ஒரு நாள் சொன்னார்: "ஆஸ்பத்திரித் துணிய விடியக்காலமிருந்து வெளுத்துட்டு வந்து நிக்கற. கண்ணு ஒண்ணு பாத்திருக்கும், மனசு ஒண்ணு நினைச்சிருக்கும். விடு." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதிலிருந்து வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கையை வைத்துப் பார்க்கிறேன். கொக்கியில் கரண்டியைப் பார்த்தேன் அக்கா. பார்த்தேனா இல்லையா? அதைச் சொல்ல உலகத்தில் உங்களைத் தவிர ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். இங்கே வந்து நானும் அந்தப் பானையை வைத்துப் பார்த்தேன். வரவில்லை. பருப்புக்கு எவ்வளவு தண்ணீர், எது முதலில், கோஸ் தண்டு எப்போது, ஒன்றும் எனக்குத் தெரியாது. நான் வரும்போது எல்லாம் வெந்து மூடியிருக்கும். மூன்று மணிக்குக் கதவைத் திறந்தால் சமையலறையில் யாரும் இருக்க மாட்டார்கள். கழுவிய பலகை சுவரில் சாய்ந்திருக்கும், துடைத்த மேடையில் ஈரம் காயாமல் இருக்கும். தண்ணீரில் ஊறி ஊறி என் விரல் எல்லாம் சுருங்கிப் போயிருக்கும். பானையின் பக்கத்தில் கையை வைத்துக்கொள்வேன், இளஞ்சூடு மிச்சமிருக்கும். யாரோ எனக்காக அதுவரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தோன்றும். உங்களிடம் நேரில் சண்டை போட்டுவிட்டு வேலைக்குப் போன நாளிலும் அப்படித் தோன்றும்.

இவர் ஒரு தடவை கேட்டார், "அந்த வியாழக்கிழமை சமாச்சாரம்..." என்று. என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் கேட்கவில்லை.

சின்னவள்


ஜூன் 20

சின்னவளுக்கு,

மஞ்சள் இல்லை, பச்சை. அதில் நான் விடமாட்டேன்.

நேற்று மருமகள் பேத்தியை எடை பார்த்தாள். எடைக் கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பேத்தி என்னிடம் வந்து, "பாட்டி, நான் விடுதிக்குப் போனா நீ யாருக்குச் சமைப்ப?" என்று கேட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சரி. கேட்டுக்கொள்.

அன்றைக்கு மாமா காலையில் பல் விளக்கிக்கொண்டே தபால்காரரிடம் சொன்னார்: "பெரியவ வேக வைப்பா, அவ்ளோதான். சின்னவ கை பட்டாத்தான் அது சாப்பாடு." நான் எண்பத்திரண்டு உருளைக்கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

பதினோரு மணிக்குப் பருப்பு வெந்தது. உப்புப் போட்டேன். கரண்டியை மூடிமேல் வைத்தேன். அது உண்மை, அதைத்தான் பதினான்கு வருஷமாகச் சொல்லிவருகிறேன். அதன்பிறகு பக்கத்து அடுப்பில் பால் பொங்கப் பார்த்தது. கைக்கு எட்டிய கரண்டி அதுதான். எடுத்துக் கலக்கினேன், கழுவினேன், பழக்க தோஷத்தில் கொக்கியில் மாட்டினேன். அவசரச் சீருடைத் துணி வந்திருக்கிறது, ஞாயிறென்றும் பாராமல் வா என்று தையல் கூடத்தில் சொல்லியிருந்தார்கள். ஓடினேன்.

மருந்துக் கடை முக்கில் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் வைத்துவிட்டு வரப் பத்து நிமிஷம் ஆகும். வேலைக்கும் நேரம் இருந்தது. அந்த முக்கிலேயே நின்றேன். கடைக்காரர், "என்னம்மா, எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றுகூடக் கேட்டார். "இல்ல" என்றேன். மாமா சொன்னது காதில் இருந்தது. உன் கை பட்டால்தானே சாப்பாடு, பார்த்துக்கொள் என்று நடந்துவிட்டேன்.

அன்றைக்குப் பொத்தான் ஓட்டை நூற்று நாற்பது போட்டேன். ஒன்றுகூட நேராக வரவில்லை.

உன் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கொக்கியில்தான் இருந்தது. இதை உன் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டு. பூட்டை இழுத்துப் பார்க்காதே.

பானையைப் பற்றி எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

பெரியவள்


ஜூன் 23

அக்காவுக்கு,

படித்துக் காட்டினேன். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அண்ணி எழுதினாங்களா? அண்ணியேவா?" என்று காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார். வரும்போது ஒரு கோஸ் வாங்கிக்கொண்டு வந்தார்.

மாலைப் பாதி இது. வெங்காயம் நான்கை மெல்லியதாக அரிந்து, சின்னத் தீயில் அரை மணி நேரம் வதக்குங்கள். சிவந்தால் போதாது, கருக்கலான பழுப்பு வர வேண்டும். இனிக்கும். அதை எடுத்துவிட்டு அதே எண்ணெயில் காய்ந்த ரொட்டித் துண்டுகளைப் பொரித்துத் தனியே வையுங்கள். பானையில் உள்ள கிழங்கில் பாதியைக் கரண்டி முதுகால் பானை ஓரத்திலேயே நசுக்கிவிடுங்கள், குழம்பு தானே கெட்டியாகும். வெங்காயத்தைக் கொட்டி, கொதி வந்ததும் ஆளுக்கொரு முட்டையை மேலாக உடைத்து ஊற்றி, மூடி, அடுப்பை அணையுங்கள். இறக்கும்போது எலுமிச்சை பாதி. ரொட்டி கடைசியில், தட்டில். மொறுமொறுப்பு போவதற்குள் சாப்பிட வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். ஒரே மூச்சில் செய்யாதீர்கள். பன்னிரண்டு மணிக்கு மூடி வைத்தால் மூன்று மணி வரை திறக்கக் கூடாது. அந்த மூன்று மணி நேரம் நீங்களும் இருக்க மாட்டீர்கள், நானும் இருக்க மாட்டேன், பருப்பும் கிழங்கும் அவற்றின் பாட்டுக்கு ஒன்றாகும். நீங்கள் அங்கேயே நின்றால் திறப்பீர்கள். எங்காவது போய்விடுங்கள்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் நேற்று முழுக்க இருந்தேன்.

அன்றைக்கு நான் உப்புப் போட்ட பிறகு, நாலு மணிக்கு ருசி பார்த்தேன் அக்கா. வாயில் வைக்க முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் இருந்தது. உப்புத் தண்ணீரை வடித்திருக்கலாம், கிழங்கு கூட்டியிருக்கலாம். முந்தின நாள் நீங்கள் படிக்கட்டில் யாரிடமோ சொன்னது எனக்கும் காதில் விழுந்திருந்தது: "நான் ஆக்கி வச்சதுக்கு மூடிய திறந்துட்டுப் பேர் வாங்கறா." கரண்டியை வேண்டுமென்றேதான் கொக்கியில் மாட்டியிருக்கிறீர்கள் என்று முடிவு செய்தேன். சரி, எல்லாரும் பார்க்கட்டும் என்று மூடிவைத்தேன். மாமா தட்டில் இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தது நான்தான்.

சின்னவள்


ஜூன் 30

சின்னவளுக்கு,

தெரிந்தே பரிமாறினாயா! அடிப்பாவி! முப்பது பேருக்கு! கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் பேரன் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டான். பதினான்கு வருஷம் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவளை மாட்டிவிட்டோமே என்று நான் புழுங்கினேன். நீ ஒன்றரை மணி நேரம் மூடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்! இது புதுக் கோபம், பழையதோடு சேராது. இதைக் காகிதத்தில் முடிக்க முடியாது.

நேற்று பானை வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு மூடினேன். நீ சொன்னபடி வெளியே போனேன். போக இடமில்லை, பள்ளிக்கூடத்து வாசல் பெஞ்சில் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் பிள்ளைகளோடு திரும்பி வந்தேன். கதவைத் திறந்ததும் பேத்தி, "பாட்டி, யாரு சமைச்சா?" என்று கேட்டது. சமையலறையில் யாரும் இல்லையே என்று பார்த்தது. எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தது. என் பானையை நான் வெளியாளாக வந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

வெங்காயத்தைக் கொஞ்சம் அதிகமாகவே கருக்கிவிட்டேன். இரண்டு பேரும் தட்டை நீட்டி நீட்டி வாங்கினார்கள். ரொட்டிக்கு அடிதடி. மருமகள் வேலை முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் அடுப்படியில் நின்றபடியே பானையிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் நின்றுகொண்டு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. படிவம் மேஜையில்தான் இருந்தது, மேலே எழுதியது எழுதியபடி.

இன்றைக்குக் கடைசி நாள். காலையில் அவள் கைப்பையை எடுத்தாள், சாவியை எடுத்தாள், படிவத்தின் மேல் கையை வைத்தாள். அதைக் கையில் எடுக்காமலே என்னைப் பார்த்து, "அத்தை, நாளைக்கு என்ன?" என்று கேட்டாள்.

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"யாருகிட்ட?"

"சின்னவகிட்ட."

கிழிக்கவில்லை அவள், அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதே. விடுதி திறக்கும் வரை பார்க்கலாம் என்று இழுப்பறையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

எனக்குத் தெரிந்த மாலைப் பாதி இரண்டுதான், இரண்டும் தீர்ந்துபோயிற்று. நீ ஒவ்வொன்றாக எழுதி, நான் கேள்வி கேட்டு, நீ பதில் எழுதி, ஒரு கடிதம் வந்து சேர இரண்டு நாள், போய்ச் சேர இரண்டு நாள். இங்கே பிள்ளைகளுக்குத் தினமும் பசிக்கிறது. வண்டி ஏறு.

பெரியவள்